அத்தை மாடியில், படி தெருவில்

டாங்... டாங்... என்று தீமணி அடிக்கத் தொடங்கியதும் குடைக்கடை குஹெயின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் நழுவிப் பாயில் உருண்டது.

மாடியில் பெண் பார்க்கும் சடங்கு பாதியில் இருந்தது. ஒரு பக்கம் குஹெய், அவர் மகள் ஷினோ. எதிரே மாப்பிள்ளை இசோகிச்சி, அவனுடைய அத்தை தாகி. பையனுக்கு மரவாளி செய்யும் தொழில். ஆள் வாட்டசாட்டமாகத்தான் இருந்தான். ஆனால் வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அத்தை திறக்க விட்டால்தானே?

"தம்பி கொஞ்சம் சாக்கே குடிப்பாரா?" என்று குஹெய் மதுக்குடுவையை எடுத்தால், "அந்த வாசனையே அவனுக்கு ஆகாது" என்பாள். "ஊறுகாய் இன்னும் ரெண்டு துண்டு..." என்று இழுத்தால், "அவனுக்கு வயிறு நிறைஞ்சுபோச்சு" என்பாள்.

பொழுது சாய்வதற்குள் ஷினோ முடிவு சொல்லியாக வேண்டும். குரல்கூடக் கேட்காத ஒருவனுக்கு எப்படிச் சம்மதம் சொல்வது? அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மணி.

எடோ நகரத்தில் தீமணி கேட்டபின் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. எல்லாம் மரவீடு, காகிதக் கதவு. முதலில் எதைத் தூக்குவது என்று ஒவ்வொரு கடைக்காரனும் எப்போதோ முடிவு செய்து வைத்திருப்பான். குஹெய்க்கு அது மாடிக்கு ஏறும் படிப்பெட்டி. மேலே பார்த்தால் படி. ஒவ்வொரு படியின் வயிற்றிலும் இழுப்பறை. கடைக்கு வேண்டிய எண்ணெய்க் காகிதம், நூல்கண்டு, ஷினோவின் கல்யாணப் பட்டு எல்லாம் அதற்குள்தான். வாங்கிய நாளிலிருந்து வேறு யாரையும் அதைத் துடைக்கவிட்டதில்லை.

"படியைத் தூக்குங்கடா" என்று கத்திக்கொண்டே அவர் தடதடவென இறங்கினார். பின்னால் ஷினோ. அவள் பின்னால் இசோகிச்சி. கடை ஆட்கள் மேல்பெட்டியைக் கழற்றித் தூக்கினார்கள். இசோகிச்சி கிமோனோவை வரிந்து செருகிக்கொண்டு அடிப்பெட்டியின் கனமான முனைக்குத் தோள் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் படி முழுவதும் தெருவுக்கு வந்துவிட்டது.

குஹெய் மூச்சிரைக்க இழுப்பறைகளைத் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லை" என்றார் பெருமையாக.

"குஹெய்" என்று மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "படி எங்கே?"

புகையிலைப் பையைத் தேடிக்கொண்டிருந்த அத்தை மாடியிலேயே நின்றுவிட்டாள்.

குஹெயின் முகம் வெளுத்தது. "மன்னிக்கணும் அக்கா. இதோ, ஏணி கொண்டுவர்றேன்."

"ஏணியா? எனக்கென்ன தீயணைக்கிற உத்தியோகமா?"

"அப்போ, மெதுவா குதிக்கிறீங்களா?"

"பூனையைத்தான் குதிக்கச் சொல்லணும்."

எதிர்க்கடை டோஃபுக்காரரிடம் ஏணி இருந்தது. அதில்தான் அவர் கூரை ஏறிப் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "புகை தெரிஞ்சதும் இறங்கி ஏணியைத் தர்றேன்" என்றார்.

"எப்போ தெரியும்?"

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

குஹெய் தலையில் அடித்துக்கொண்டு, ஆட்களோடு தெருக்கோடிக்கு வேறு ஏணி தேடி ஓடினார். ஓடும்போதும், "ஷினோ, பெட்டியைப் பார்த்துக்கோ" என்றார். அத்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இசோகிச்சி தெருவில் கிடந்த படிப்பெட்டியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து தோளை நீவிக்கொண்டான். ஷினோ சற்றுத் தள்ளி நின்றாள்.

"உங்களுக்குப் பேச வருமா?" என்று கேட்டாள்.

"வரும். சந்தர்ப்பம்தான் வராது."

ஷினோ கிமோனோவின் கையால் வாயை மூடிக்கொண்டாள். "மணிச்சத்தம் கேட்டுப் பயந்துட்டீங்களா?"

"எங்க வீடு மணிக்கூண்டுக்கு அடியிலே. இப்படி விட்டுவிட்டு அடிச்சா நெருப்பு எங்கேயோ தூரத்திலே. பக்கத்திலேன்னா மூச்சுவிடாம அடிப்பான்."

"தெரிஞ்சுமா படியைத் தூக்கினீங்க?"

அவன் ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்தான். "அத்தை இன்னும் இறங்கலைன்னும் தெரியும்."

மேலிருந்து குரல் வந்தது. "இசோ, அந்தப் பொண்ணு என்னடா கேக்குறா? இரு, நானே பதில் சொல்றேன்."

"சாக்கே எனக்குப் பிடிக்கும்" என்றான் அவன் குரலைத் தாழ்த்தி. "உங்க வீட்டு ஊறுகாய் அதைவிடப் பிடிச்சது. இன்னும் ரெண்டு துண்டு கேட்கணும்னு நாக்கு வரைக்கும் வந்தது."

ஷினோ கொஞ்சம் நெருங்கி வந்தாள். இனிமேல் விளையாட்டில்லை. "கல்யாணமானா அத்தையும் நம்மகூடத்தான் இருப்பாங்களா?"

"அவங்க வீடு ஆத்துக்கு அந்தப்பக்கம்."

"பாலம் இருக்கே."

"இருக்கு. அதைத் தூக்கத்தான் என்னால முடியாது."

ஷினோ அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். டோஃபுக்காரர் புகையை மறந்து கீழே எட்டிப் பார்த்தார்.

அப்புறம் அவன் தன் தொழிலைப் பற்றிச் சொன்னான். ஒழுகாத வாளிக்குப் பலகையை எப்படிச் சேர்ப்பது, தான் முதன்முதலில் செய்த வாளி எப்படி ஒழுகியது, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எப்படி வீடு திரும்பினான் என்றெல்லாம் சொன்னான். ஷினோ எப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

மணி நின்றது. குஹெய் ஏணி கிடைக்காமல் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். "நெருப்பு அணைஞ்சுதாம். படியை உள்ளே வைங்கடா, சீக்கிரம். அக்கா மேலே கொதிச்சுப்போய் நிக்கிறாங்க."

ஆட்கள் குனிந்து பெட்டியைப் பிடித்தார்கள். இசோகிச்சி எழப்போனான். ஷினோ அவன் கிமோனோவின் நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"எழுந்திரும்மா" என்றார் குஹெய்.

"என்னப்பா அவசரம்? இவர் இன்னும் பேசி முடிக்கலை."