இரவல் நாற்காலிகள்

மிருணாளினியின் ஹாலை முதல்முறை பார்த்தபோது, பாவம், இன்னும் சாமான் வாங்கி முடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நீல வெல்வெட் சோபா ஒன்று. அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பிரம்பு நாற்காலி. காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்த தேக்கு அலமாரி. நடுவில் தேய்ந்துபோன ஒரு மேசை; கவுன்சில் பழைய சாமான் எடுக்கும் வாரத்தில் யாரோ வாசலில் தூக்கிப் போட்டதாம், அவளே பெருமையாகச் சொன்னாள். தெருவில் கிடந்ததை எடுத்து வந்தேன் என்று சொல்ல எனக்கெல்லாம் வாய் வராது. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் அந்த மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, எவ்வளவு ரசனை உனக்கு என்கிறார்கள்.

மிருணாளினி என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி மனைவி. ஸ்ட்ராத்ஃபீல்டில் பழைய செங்கல் வீடு வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் பரமட்டா பக்கம். என் ஹாலில் சோபா, காபி மேசை, டிவி ஸ்டாண்ட், ஓரத்து மேசைகள் எல்லாமே ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே காப்பிக்கொட்டை நிறத்தில் வாங்கியவை. முழு செட். ஒரு கீறல் கிடையாது. என் வீட்டுக்கு வருகிறவர்கள் டீ குடித்ததும் மணி பார்ப்பார்கள். அவள் வீட்டுக்குப் போனால் ராத்திரிச் சாப்பாடும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இது ஏன் என்று யோசித்து யோசித்தே எனக்கு வயிறு எரியும்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருந்தேன். என் மகன் கிரண் அன்றைக்குச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கிரணுக்கு யாமினியைப் பிடித்திருந்தது. மெல்போர்னில் ஸ்பிரிங்வேலில் இருக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பம். நாங்கள் போய்ப் பெண்ணைப் பார்த்து வந்தாகிவிட்டது. இனி அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வர வேண்டும். அது முடிந்தால் நிச்சயதார்த்தம். நான் ஸ்வீட் என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, அவங்களைச் சித்தி வீட்டுக்கு வரச் சொல்லலாமா? அங்க ஒரு வைப் இருக்கும்மா. நம்ம வீடு ஃபர்னிச்சர் ஷோரூம் மாதிரி இருக்கு."

"மாப்பிள்ளை வீடுன்னா மாப்பிள்ளையோட அம்மா அப்பா இருக்கிற வீடுடா. சித்தி வீடு இல்ல."

"சரி சரி, நான் சும்மா கேட்டேன்."

சும்மா யாரும் கேட்பதில்லை. பெற்று, பால் கொடுத்து, கராத்தே வகுப்பு வாசலில் குளிரில் காத்துக் கிடந்தது நான். சம்பந்தி வீட்டாருக்குக் காட்டுவதற்கு மட்டும் அவள் வீடா? வருவது என் வீட்டுக்குத்தான், நிச்சயதார்த்தம் நடப்பதும் என் ஹாலில்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

மிருணாளினியிடம் போனில் நைசாகக் கேட்டேன். அவள் எதையும் மறைக்கிறவள் இல்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

"ஒண்ணுக்கொண்ணு வேற வேறயா இருக்கணும்கா, ஆனா ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருக்கணும். நான் வேணா வர்றேன், சேர்ந்து நகர்த்திப் பாக்கலாம்."

"எதுக்கு உனக்குச் சிரமம்?" என்று வைத்துவிட்டேன். முதல் பாதிதான் எனக்கு வேண்டியிருந்தது.

சோபாவை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கராஜுக்குத் தள்ளச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். ஆஷ்ஃபீல்டில் ஒரு சீனக் கிழவர் வீட்டில் கரும்பச்சை வெல்வெட் நாற்காலி ஒன்று கிடைத்தது. பித்தளைக் கால்கள், சிப்பி மாதிரி விரிந்த முதுகு. பார்த்த உடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம் ஒரு ஆரஞ்சு நாற்காலி, ஏதோ தேவாலயத்தில் இருந்து வந்த மர பெஞ்சு, இரண்டு மூங்கில் ஸ்டூல்கள். எல்லாவற்றையும் சுவரோரமாக வரிசையாகப் போட்டு, நடுவில் இடம் விட்டுத் துடைத்துவைத்தேன். அப்படித்தானே போடுவோம்? நாலு பேர் வந்தால் நடுவில் நடக்க வேண்டாமா?

சனிக்கிழமை காலையில் மிருணாளினி கேசரியோடு வந்தாள். ஹாலைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். "நல்லா இருக்குக்கா" என்றாள். அந்த ஒரு கணத்தை நான் கவனித்துவிட்டேன். அவளுக்கு எரிகிறதோ என்று நினைத்து எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

யாமினியும் அவள் அப்பா, அம்மாவும் வந்தார்கள். அம்மா பெயர் சந்திரவதனா. நல்ல மனுஷி, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. ஆரஞ்சு நாற்காலியில் உட்கார்ந்தவர், வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பத்மா, இந்தக் கதிரையள் எல்லாம் அயல் வீடுகளிலை இரவல் வாங்கினதோ? நாங்கள் மூண்டு பேர்தானே வாறம், ஏன் இவ்வளவு கரைச்சல்பட்டனீங்கள்?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் வைத்திருப்பேன். என் ஹாலை அப்போதுதான் நானும் பார்த்தேன். கல்யாண வீட்டுக்கு நாலு வீட்டிலிருந்து நாற்காலி கேட்டு வாங்கிப் போட்ட மாதிரியே இருந்தது. யாமினி தலையைக் குனிந்துகொண்டாள். கிரணின் காது சிவந்தது.

"ஆமாங்க, எங்க வீட்டு நாற்காலிதான்" என்றாள் மிருணாளினி, தட்டில் கேசரி வைத்துக்கொண்டே. "வர்றவங்க தரையில உக்காரக்கூடாதுன்னு அக்கா நேத்தே எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க."

சந்திரவதனாவின் முகம் மலர்ந்தது. "ஓம், எங்கட பக்கமும் நல்ல காரியமெண்டால் இப்பிடித்தான். ஒவ்வொரு வீட்டுக் கதிரையும் வரும். இப்ப ஆர் அப்பிடிச் செய்யினம்? ரெண்டு மருமகளும் நல்ல ஒற்றுமை."

கிரண் மிருணாளினியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த நன்றியைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்து நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாட்களில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால்கூடத் தேவலாம். "நாளைக்குப் பின்னேரம்தான் பிளைட். சின்ன மருமகளின்ர வீட்டையும் பாத்திட்டுப் போறம்" என்றார் சந்திரவதனா. மிருணாளினி மதியச் சாப்பாட்டுக்கே வரச் சொல்லிவிட்டாள். அவர்கள் கார் தெரு முனை திரும்பியதும் நானும் கிரணும் மிருணாளினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாளைக்கு அந்த நாற்காலிகள் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டில் ட்ரெய்லர் கேட்டோம். இரவல் வாங்கியது அது ஒன்றுதான். நான் தேடித் தேடிப் பிடித்த சாமான்களை நானே தூக்கி ஏற்றிக்கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கினேன். வழியெல்லாம் கிரண், "சித்தி செம்மல்ல?" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் பெஞ்சை ஜன்னலுக்குக் கீழே போட்டாள். ஸ்டூல் ஒன்றில் மணிப்ளான்ட்டை வைத்தாள். பச்சை நாற்காலியை நீல சோபாவுக்கு எதிரே, கொஞ்சம் சாய்வாக, பேச வந்த ஆள் மாதிரித் திருப்பினாள். அவ்வளவுதான் செய்தாள். அவை அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவைபோல உட்கார்ந்துகொண்டன. என் வீட்டில் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு நின்ற கழுதைகள்.

"இந்தப் பச்சை நாற்காலியை எங்கக்கா பிடிச்சீங்க? நான் தேடாத இடமில்ல. எனக்குப் பொறாமையா இருக்கு" என்று சிரித்தாள்.

பொறாமை இல்லாதவர்களால்தான் அந்த வார்த்தையை அப்படிச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியும். எனக்குத் தெரியும்.

மறுநாள் சந்திரவதனா நேராக அந்தப் பச்சை நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தார். சாப்பாடு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. யாமினி செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, கிரண் ஏதோ சொல்ல, சத்தமாகச் சிரித்தாள். என் வீட்டில் அந்தப் பெண்ணின் குரலையே நான் கேட்கவில்லை.

சந்திரவதனா அறையைச் சுற்றிப் பார்த்தார். "நான் ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. நிச்சயதார்த்தத்தை இஞ்சையே வைப்பமே? இந்த ஹோல் நல்ல வடிவு. பிள்ளைக்கும் பிடிச்சிருக்கு."

என் வீட்டுக்காரர் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிரணைப் பார்த்தேன். டேய், சொல்லுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆறு வயதில் பள்ளிக்கூட மேடையில் இருந்து கூட்டத்தில் என்னைத் தேடினானே, அந்த மாதிரி ஒரு தடவை என்னைப் பார்க்க மாட்டானா என்றிருந்தது.

அவன் மிருணாளினியைப் பார்த்தான்.

அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜாடியை நிமிர்த்தி, கண்ணாலேயே என் பக்கம் காட்டி, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

"இல்ல ஆன்ட்டி" என்றான் கிரண் உடனே. "அம்மா வீட்லதான் வைக்கணும். அதான் கரெக்ட்."

"ஓம் ஓம், அதுவும் சரிதான்" என்று சந்திரவதனா எழுந்து வந்து என் தோளை அணைத்துக்கொண்டார். "குடுத்துவைச்சனீங்கள் பத்மா. அம்மாவை விட்டுக்குடுக்காத பிள்ளை."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாம்பூலத் தட்டை எடுத்து வர மிருணாளினியோடு உள்ளே போனபோது, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுக்கா" என்று என் கையை அழுத்தினாள்.

நிச்சயதார்த்தம் என் வீட்டில்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்ததால், எனக்குக் கிடைத்துவிட்டது.