கறுப்புப் பெட்டிக்குள் பீஸ் கம்பி

எங்கள் அண்ணன் பெரியசாமிக்குத் தெரியாத தொழில் உலகத்திலேயே கிடையாது. கேட்டால் அவரே சொல்வார்.

அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன மூன்று ஏக்கரில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. எங்கள் பக்கத்துத் தங்கைகள் வாயைத் திறக்காமல் செய்துவிடுகிற காரியம் அது. பதிலுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில் மாமா சிங்கப்பூரிலிருந்து எனக்கென்று கொண்டுவந்த கம்ப்யூட்டர். டிவியில் மாட்டுகிற பழைய ரகம். அதை நோண்டி நோண்டித்தான் இன்றைக்குப் பெரம்பலூரில் யுபிஎஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "நான் வந்து பாக்கற வரைக்கும் கரண்ட் குடுக்காதீங்க" என்று அண்ணனிடம் போனில் இரண்டு தடவை சொன்னேன்.

சனிக்கிழமை எங்கள் ஊர் அரும்பாவூரில் போய் இறங்கினால், மனிதர் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்.

"பரிமளா, ஒனக்கு வேலையே வைக்கல. பீஸ் போயிருந்துச்சு, நானே போட்டுட்டேன். லைட்டு எரியுது பாரு!"

சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு அடாப்டரின் கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். முடி கனத்தில் பீஸ் இருக்க வேண்டிய இடத்தில், மோட்டார் கொட்டகையில் போடுகிற தடித்த கம்பி. மீட்டரை வைத்தேன். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்பதரை.

"வோல்ட்ட அடக்கி வெக்கிற ரெகுலேட்டர் போச்சுண்ணே. வோல்ட் ஏறுனதாலதான் பழைய பீஸ் எரிஞ்சு மிஷினக் காப்பாத்துச்சு. எவ்வளவு நேரமா போட்டு வெச்சிருக்கீங்க?"

"காலைலேர்ந்து. ரொம்ப நாள் சும்மா கெடந்த மோட்டாரக் கொஞ்சம் ஓட விட மாட்டமா, அது மாதிரி."

கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தேன். மெமரி சிப்புகள் கொதித்தன. ஒன்றில் விரிசலே விட்டிருந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"ஓட்டப் பொட்டிக்கு என்னா குதி குதிக்கிற? என் வூட்டு சாமானத் தொட ஒன்னயக் கேக்கணுமா?"

அவர் வீடாம். அப்பா கட்டிய வீடு. நான் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

"பொட்டியத் தூக்கிட்டுப் போ. திங்கக்கெழம பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்துடு."

"பொட்டிய நீங்களே வெச்சுக்குங்கண்ணே. எனக்கு ஒன்றர ஏக்கர் போதும். சர்வேயரக் கூட்டிட்டு வரேன்."