அவர் படுத்திருந்த பாய்

"அவன் கடைசியாப் படுத்திருந்த பாயை எடு ஆத்தா, கூட அனுப்பணும்" என்று நாத்தனார் அழகம்மாள் கை நீட்டியதும், பரிமளா மூலையிலிருந்த கோரைப் பாயை எடுத்துக் கொடுத்தாள்.

கொடுத்தது பொய்.

உண்மையான பாய் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. யோகா வகுப்புக்கென்று அவள் திருச்சியில் வாங்கிய நீல நிற ரப்பர் பாய். நேற்றுக் காலை கணவர் முனியசாமியின் உயிர் பிரிந்தது அதன் மேல்தான். அது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

நேற்று விடிகாலை ஐந்தரை மணி. டூட்டிக்குக் கிளம்ப, கொடியில் கிடந்த காக்கிச் சட்டையை எடுக்கப் போனவர் பாதியில் நின்றார்.

"இடது தோளு இழுக்குது பரிமளா. தாடை வரைக்கும் ஏறுது."

"இருபத்திரண்டு வருசம் ஸ்டியரிங் புடிச்ச தோளு, இழுக்காமக் கொஞ்சுமா? படுங்க."

அரிமளத்தில் ஒரு மாடி ஹாலில் தினமும் முப்பது பெண்களுக்கு அவள் சொல்லித் தருவது அதைத்தான். வலியோடு மல்லுக்கட்டாதே, மெதுவாக அசை, மூச்சை நீளமாக விடு. தையல்காரிகளின் கழுத்தும் டீச்சர்களின் இடுப்பும் அவள் சொன்னபடி கேட்டன. சொந்தப் புருஷனின் தோள் கேட்காதா என்ன? மல்லாக்கப் படுக்க வைத்தாள். முழங்காலை மடக்கச் சொன்னாள். தோளைக் காதுப் பக்கம் ஏற்றி, இலை விழுகிற வேகத்தில் இறக்கச் சொன்னாள்.

அவர் நெற்றியெல்லாம் வேர்வை. அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

"தேவலையா?"

"தேவலைதான். நீ கெளம்பு, ஒனக்கு கிளாஸுக்கு நேரமாச்சு."

"அப்படியே கெடங்க. மூச்சை மட்டும் கவனிங்க."

ஏழேகாலுக்குத் திரும்பி வந்தபோது கவனிப்பதற்கு மூச்சு இல்லை.

அவள் உடனே கத்தவில்லை. உடம்பைப் புரட்டி நீலப் பாயை உருவினாள். கோரைப் பாயைச் செருகினாள். அதற்குப் பிறகுதான் தெரு கூடுகிற மாதிரி அலறினாள். "அசதியா இருக்குன்னு திரும்பப் படுத்தாரு, தூக்கத்துலேயே போயிட்டாரே!"

இப்போது பந்தலில் கண்டக்டர் ஐயனார் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னான். "முந்தாநாளே சொன்னேன்க்கா, ஆஸ்பத்திரில காட்டிருவோம்ணேன்னு. 'எனக்கு மெக்கானிக்கு வீட்டுலயே இருக்கா, நீ விசிலை ஊதுடா'ன்னாரு."

அழகம்மாள் பரிமளாவின் தலையைத் தடவினாள். "நோவு நொடி இல்லாமப் போனான். அந்த மட்டுக்கும் நீ குடுத்து வச்சவ ஆத்தா."



பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனம்மாள், வகுப்புக்கு ஒரு நாள் தவறாமல் வருகிற தையல்காரி, தன் இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தாள். பந்தல் நிழலிலும் அவள் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது.

"என்ன செய்யுது மீனம்மா?"

"ஒண்ணுமில்லக்கா. ராத்திரிலேருந்து இங்கிட்டு இழுக்குது, தாடைக்கு ஏறுது. நீங்க சொல்லிக் குடுத்தபடி மெதுவா சுத்திக்கிட்டேதான் இருக்கேன்."

பரிமளா துள்ளி எழுந்தாள்.

"சுத்தாத! ஐயனாரு, அந்த ஆட்டோவக் கூப்பிடுங்க. இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. போனதும் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க."

"எழவு வீட்டுல வந்து எனக்கு என்னக்கா வைத்தியம்? வெறும் டென்சன்தானே. நீங்கதானே சொல்லுவீங்க..."

"அவருக்கும் அப்படித்தான் சொன்னேன்."

ஆட்டோ மீனம்மாளை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது.

அழகம்மாளின் கண் பரிமளாவை விட்டு நகரவில்லை.

"தூக்கத்துல போனான்னியே?"

பரிமளா உள்ளே போனாள். பீரோவை நகர்த்துகிற சத்தம் வெளியே கேட்டது. வந்து, நீலப் பாயை அழகம்மாளின் காலடியில் வைத்தாள்.

"இதுலதான் மதினி. நான்தான் படுக்க வச்சேன். வச்சுட்டு கிளாஸுக்குப் போயிட்டேன்."

அழகம்மாள் அதைத் தொடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் உடம்பைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்தது. பிறகு பாடையருகே போய், அதில் விரித்திருந்த கோரைப் பாயை உருவி ஓரமாகப் போட்டாள்.

"விரி" என்றாள்.

பரிமளா விரித்தாள். ஒரு நாள் முழுக்கச் சுருண்டு கிடந்த பாய். ஓரங்கள் படியாமல் எழும்பிக்கொண்டே இருந்தன. நான்கு பேர் உடம்பைத் தூக்கிக்கொண்டு வருகிற வரை, வகுப்புக்கு முன்னால் தினமும் செய்வதைப் போலவே, அவள் குனிந்து இரண்டு உள்ளங்கையாலும் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.