அந்த நாட்டில் பேசினால் கோபம்

இது நடந்தது சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பதே எனக்கு நிச்சயமில்லை. கதையை எனக்குச் சொன்னவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தான். ஆனால் ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை. நாளாக நாளாக, நடுவில் இருந்த ஓட்டைகளை நானே அடைத்திருக்கவும் கூடும். சம்பந்தி பேசினார், விடாமல் பேசினார் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கண்ணாடிக்கடைக்காரர் பேச்சில் மகா சிக்கனம். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது ஒரே கேள்வி: "இது தெளிவா இருக்கா, இதுவா?" வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. அவருக்கும் சேர்த்து மனைவி பேசிவிடுவாள் என்பதால் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மகளுக்கு முதலில் வந்த சம்பந்தம் மட்டும் அதில் தட்டிப்போயிற்று. வந்தவர்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணோட அப்பா எங்கள மனுஷங்களாவே மதிக்கல" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மகள் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

இப்போது வந்திருப்பது அவளே தேடிக்கொண்ட பையன். வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் வடகோடி நாட்டுக்காரன். அவனுடைய அப்பா அங்கே காட்டிலாகாவில் வேலை பார்ப்பவர். மகன் காதலிக்க ஆரம்பித்த நாளிலிருந்து புத்தகம் வைத்து நம் மொழியைப் படிக்கிறாராம். அவர் முன்கூட்டியே வந்து ஓட்டலில் தங்கியிருந்தார். பையனின் அம்மா வரும் விமானம் அன்று பிற்பகல். அவளை அழைத்துவர மகளும் பையனும் போக, அப்பா நேரே வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

கிளம்பும்போது மகள் செருப்பை மாட்டியபடியே திரும்பிப் பார்த்தாள். "அப்பா, இந்தத் தடவையாவது..." என்றாள். மீதியை விழுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். கப்பல் கம்பெனி ஒன்றில் நாலைந்து வருஷம் இருந்தவன் என்பதால் வீட்டில் அவனுக்கு 'உலகம்' என்று பெயர்.

"அந்த நாட்டுக்காரங்களப் பத்தி எங்கிட்ட கேளுங்க மாமா," என்றான் உலகம். "நான் அங்க இருந்திருக்கேன்."

"எங்கடா இருந்த? பிளேன் மாறும்போது ஏர்போர்ட்ல அரை நாள் தூங்கின," என்றாள் அக்கா.

"தூங்கல, கவனிச்சேன். ஒருத்தன் வாயத் தொறக்கணுமே! அவங்க பேசவே மாட்டாங்க. பேசினா கோபம்னு அர்த்தம். சிரிச்சா கிண்டல்னு நினைப்பாங்க. பக்கத்துல போய் உட்கார்ந்தா போச்சு, எழுந்து போயிடுவாங்க. மாமா, உங்களுக்குன்னே செஞ்ச நாடு அது!"

இப்படியும் ஒரு நாடு இருக்கிறதா என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய குறை தகுதியாகிவிட்டது. உற்சாகத்தில் அவரே சோபாவை ஒரு சுவரோடும் நாற்காலிகளை எதிர்ச் சுவரோடும் இழுத்துப் போட்டார். நடுவில் சைக்கிள் ஓட்டலாம் போல இருந்தது.

"நீதான் அக்கா, ஜாக்கிரதை," என்றான் உலகம்.

"எனக்கென்னடா, நான் பேசாம இருக்க மாட்டேனா?" என்று ஆரம்பித்து, அதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினாள் அவள்.

அழைப்பு மணி அடித்தது. நெடுநெடுவென்று ஒரு மனிதர், சிவந்த மூக்கு, கனத்த கண்ணாடி. உள்ளே வந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் குதிப்பவர் மாதிரி ஆரம்பித்தார்.

"வணக்கம்! உங்கள் வீடு அழகாக இருக்கிறது. உங்கள் படிக்கட்டு அழகாக இருக்கிறது. வானிலை இனிமையாக இருக்கிறது. என் முழங்கால் இனிமையாக இல்லை."

மூவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சோபாவைக் காட்டினார்கள். அவர் தூரத்தில் போய் உட்கார்ந்தார்.

ஒரு கணம் அமைதி. காட்டிலாகாக்காரர் முகத்தில் கலவரம் படர்ந்தது. உடனே மழையைப் பற்றிப் பேசினார். பக்கத்து வீட்டு நாயைப் பற்றி, அது முன்பு கடித்த தபால்காரரைப் பற்றி, தபால்காரரின் மாமியாரைப் பற்றிப் பேசினார். தேநீர் வந்தது, தேநீரைப் புகழ்ந்தார். கோப்பையைப் புகழ்ந்தார். இங்கே யாரும் அசையவில்லை. அசையாமல் இருக்க இருக்க அவர் பேச்சு வேகம் பிடித்தது. வேகம் பிடிக்கப் பிடிக்க இவர்கள் கல்லாகச் சமைந்தார்கள்.

அடுக்களையில் மனைவி குழாயைத் திறந்துவிட்டுத் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்னடா இது? வந்ததுலேருந்து வாய் மூடல!"

"அதான் சொன்னேனே அக்கா, கோபம். சாதாரணக் கோபம் இல்ல, தலைக்கேறிடுச்சு."

"நாம என்னடா பண்ணோம்?"

"தெரியல. டீ ஆறிப்போயிருக்குமோ?"

"நான் போய் ரெண்டு வார்த்தை சமாதானமா..."

"ஐயோ, எரியற நெருப்புல எண்ணெய ஊத்தாத!"

கூடத்தில் தனியாக மாட்டிக்கொண்ட கண்ணாடிக்கடைக்காரர் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. செருப்பை மாட்டியபடி திரும்பிப் பார்த்த முகம் கண்ணிலேயே நின்றது. ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னால் இன்னும் கெட்டுவிடும். சொல்லாமலேயே ஒரு தடவை கெடுத்தாயிற்று.

எதிரே இருந்தவருக்கோ சரக்கு தீர்ந்துவிட்டது. அறையைச் சுற்றிப் பார்த்தார். "அது நாற்காலி," என்றார் பரிதாபமாக. "நல்ல நாற்காலி. அதற்கு நான்கு கால்கள்." கொஞ்சம் யோசித்து, "எங்கள் நாட்டிலும் நான்குதான்" என்றார்.

அதற்கும் பதில் இல்லாததால் எழுந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. "நான் உங்களைப் புண்படுத்திவிட்டேன். எதனால் என்று தெரியவில்லை. நான் போகிறேன்" என்று குனிந்து வணங்கினார். கனத்த கண்ணாடி மூக்கிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அதற்கப்புறம் கண்ணாடிக்கடைக்காரர் யோசிக்கவில்லை. நடுவில் கிடந்த மைதானத்தைத் தாண்டிப் போய்க் கண்ணாடியை எடுத்தார். ஒரு பக்கக் காதுக்கம்பி அகன்று, திருகாணி தளர்ந்திருந்தது. இவ்வளவு மோசமான கண்ணாடியோடு ஒரு மனிதரைத் தெருவில் விட அவருக்கு மனசு வராது. சம்பந்தியின் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பக்கத்திலேயே, தொடை இடிக்கிற மாதிரி, தானும் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து வேலையை ஆரம்பித்தார்.

கண்ணாடி இல்லாமல் வந்தவருக்கு வாசல் எது, சுவர் எது என்றே தெரியாது. எதிரே இருப்பவர்களின் முகமும் தெரியவில்லை. முகம் தெரியாத நிம்மதியில் அவர் வாய் மெல்ல மூடிக்கொண்டது. அடுக்களைக் கதவோரம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திருகாணி ஏறியது. கம்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி வளைத்தார். அவசரமே படவில்லை.

மாட்டிவிட்டுப் பழக்கதோஷத்தில் கேட்டார்: "தெளிவா இருக்கா?"

"மிகவும்," என்றார் காட்டிலாகாக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா, நான் இனிமேல் பேசாமல் இருக்கலாமா?"

"தாராளமா. உங்களுக்குக் கோபம் இல்லையே?"

"எனக்கா? கோபம் உங்களுக்கல்லவா! உங்கள் நாட்டில் யாராவது வாயை மூடினால், அவரை நாம் அவமதித்துவிட்டோம் என்று அர்த்தமாம். நான் காட்டில் மரங்களோடு இருப்பவன். இன்று பேசியதுபோல் என் கல்யாணத்தன்றுகூடப் பேசியதில்லை."

"யார் சொன்னா அப்படி?"

"என் மனைவியின் தம்பி. கால் முறிந்து உங்கள் நாட்டு மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் காலையிலிருந்து இரவுவரை பேசினார்களாம்."

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பித் தன் மச்சினனைப் பார்த்தார். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் இவனிடமிருந்து தப்ப முடியாது போலிருக்கிறதே என்று தோன்றியது. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கக் கூடாது என்பது ஞாபகம் வருவதற்குள் சம்பந்தியும் சிரித்துவிட்டார்.

"அப்படின்னா நான் பேசலாமா?" என்று மனைவி பாய்ந்து வந்தாள். "உங்க பக்கத்து வீட்டு நாய் ஏன் அந்தத் தபால்காரரக் கடிச்சுது? அவரு மாமியாருக்கு அப்புறம் என்ன ஆச்சு? பாதியில விட்டுட்டீங்களே!"

மாலையில் மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது சோபாவில் இரண்டு அப்பாக்களும் ஒட்டி உட்கார்ந்து, ஒரு வார்த்தை இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பா! மறுபடியுமா?"

"மகளே, பயப்படாதே," என்றார் காட்டிலாகாக்காரர். "உன் அப்பாவும் நானும் பேசி முடித்துவிட்டோம்."

கல்யாணம் நடந்தது. மகளும் மருமகனும் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் மூன்றாவது ஒரு நாட்டில் வேலை கிடைத்துப் போனார்கள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. சம்பந்தியம்மாள் இரண்டு தடவை வந்துபோனாள். உலகம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பயண ஏஜென்சி வைத்திருக்கிறான், கூட்டம் வருகிறது. காட்டிலாகாக்காரர் ஓய்வு பெற்று நாலாவது வருஷம் மாரடைப்பில் இறந்தார். கண்ணாடிக்கடைக்காரர் போய் அடக்கத்தில் கலந்துகொண்டு திரும்பினார். கடையை இப்போது வேறு ஒருவர் நடத்துகிறார். கண்ணாடிக்கடைக்காரரும் மனைவியும் அதே வீட்டில் இருக்கிறார்கள்.