வைரவருக்கு வைத்த புக்கை

மிசிசாகாவில், விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்கப் போகிறேன் என்று தில்லையம்பலம் சொன்னபோது, சிரிக்காத சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. மனைவி குணவதியும் சிரித்தாள். ஆனால் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். மனுசனுடைய முதுகு அந்த வேலையில் போய்விட்டது, இன்னும் ஒரு பனிக்காலம் பெட்டி தூக்கினால் படுக்கைதான் என்பது அவளுக்குத் தெரியும். ஆடுகள் தப்பினால் அவர் தப்புவார். மற்றக் கதையெல்லாம் பிறகு.

ரூஜ் பகுதியில் இருக்கிற தங்கள் வீட்டிலிருந்து வான் வண்டியில் அரை மணித்தியாலம் வடக்கே ஓடினால் வெறும் சோளக்காடு. அதற்கு நடுவே ஒரு பழைய கொட்டிலையும் கொஞ்சம் புல்தரையையும் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆடுகள் வந்து இறங்கிய அன்றே குணவதி வேலியோரத்து மேப்பிள் மரத்தின் கீழ் ஒரு சூலத்தை நட வேண்டுமென்று நின்றாள். நம்முடைய ஆட்கள் காணி என்று ஒன்றை எடுத்தால் காவலுக்கு ஒரு வைரவர் வேண்டாமா? “குத்தகைக் காணியிலை கோயில் கட்டப் போறீரோ?” என்று தில்லையம்பலம் முணுமுணுத்தார். முணுமுணுத்தவரே இரும்புக் கம்பியை வளைத்துச் சூலமும் செய்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் குணவதி புக்கை பொங்கிக் கொண்டுபோவாள். பச்சையரிசி, பயறு, சர்க்கரை, மேலே நெய்யில் பொரித்த கஜுவும் பிளம்ஸும், அதுதான் முந்திரிப் பருப்பும் உலர்ந்த திராட்சையும். கூடவே நாலு உளுந்து வடை. காகிதத் தட்டில் படைத்து, கற்பூரம் கொளுத்தி, கைமணியை ஆட்டிக் கும்பிட்டுவிட்டு வருவாள். மறுநாள் போய்ப் பார்த்தால் தட்டில் ஒரு பருக்கை இராது. வைரவர் சாப்பிட்டுவிட்டார் என்று அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒரு வெள்ளி, கற்பூரம் அணையும்வரை அங்கேயே நின்றாள். சோளத்துக்குள்ளிருந்து ஒரு நாய் வெளியே வந்தது. மண் நிறம், கூரான காது, முன்னங்கால் ஒன்றை ஊன்றாமல் கெந்தியது. கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டு அவளையே பார்த்தது. வைரவருக்கு வாகனம் நாய் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததுதானே. குணவதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, தட்டை அதன் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு பிறகு மணிச் சத்தம் கேட்டாலே அது வந்து நிற்கும். இதை அவள் புருசனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். அவர் குளியலறைக்குள் போய்ச் சிரிக்கிற ஆள் இல்லை.

இலை உதிர்கிற காலத்தில் முதல் குட்டி காணாமல் போனது. வேலியடியில் கொஞ்சம் இரத்தமும் ஒரு காதும் கிடந்தன. அந்த வாரம் குணவதி இரட்டிப்பாகப் புக்கை பொங்கினாள். இரண்டாவது குட்டி போனபோது வடைமாலை நேர்ந்தாள். குட்டிகள் குறையக் குறைய வைரவருடைய தட்டு நிறைந்துகொண்டே போனது. அப்போது அவளுக்கு அது விளங்கவில்லையே.

தில்லையம்பலம் பக்கத்துப் பண்ணைக்காரர் றொனால்டைக் கூட்டிவந்தார். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து அந்த மண்ணில் கிடக்கிற மனுசன். வேட்டை உரிமமும் துவக்கும் உள்ளவர். வேலியடியைப் பார்த்த உடனேயே, இது கயோட்டியின் வேலை என்றார். நாயும் இல்லை, நரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவிலே ஒரு சாதி. விட்டால் கொட்டிலையே காலி பண்ணிவிடும் என்றார்.

விடியற்காலையில் வந்து வைக்கோல் கட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ஒரு சின்னப் பெட்டியைப் புல்லுக்குள் வைத்து முடுக்கிவிட்டார். அடிபட்ட முயல் கத்துகிற சத்தம் அதிலிருந்து வந்தது. பசித்த கயோட்டி அதைக் கேட்டால் ஓடிவருமாம். கொட்டிலுக்குள் நின்ற குணவதிக்கு அது பிள்ளை அழுகிற மாதிரித்தான் கேட்டது, காதைப் பொத்திக்கொண்டாள். காலையிலும் பின்னேரத்திலுமாகப் பல நாள் பெட்டி கத்தியது. ஒன்றும் வரவில்லை. அதற்கிடையில் மூன்றாவது குட்டியும் போய்விட்டது.

இந்த மிருகத்துக்குப் பசியில்லை, யாரோ சாப்பாடு வைக்கிறார்கள் என்று றொனால்ட் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? வேலி நீளத்துக்குத் தேடிக்கொண்டு போனவர் மேப்பிள் மரத்தடியில் முழங்காலில் இருந்தார். அந்த மிருகம் போட்டிருந்த எச்சத்தைக் குச்சியால் கிளறி, புருசனையும் பெண்சாதியையும் கூப்பிட்டுக் காட்டினார். மயிரும் எலும்புத் துண்டுமாக இருந்ததற்கு நடுவே பாதி கஜு ஒன்றும், ஊதிப்போன பிளம்ஸ் இரண்டும்.

அந்தப் பக்கத்தில் யாருடைய அடுப்பில் கஜுவும் பிளம்ஸும் நெய்யில் பொரிகின்றன? தில்லையம்பலம் எச்சத்தைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார், கடைசியாகப் பெண்சாதியைப் பார்த்தார்.

“குணம், உது ஆரின்ரை புக்கை?”

“வைரவருக்கு வைச்சது.”

“வைரவரே திண்டிருக்கிறார்?”

“நான் நாய் எண்டு நினைச்சனப்பா. வாகனம் எண்டு நினைச்சன்.”

“புக்கையைக் குடுத்துக் கொட்டிலடிக்குக் கூப்பிட்டிருக்கிறீர். அது புக்கையும் திண்டு என்ரை குட்டியளையும் திண்டிருக்கு.” அவர் சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சத்தமே போடாமல் சொன்னார்.

றொனால்டுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கதை விளங்கிவிட்டது. எப்படிக் கூப்பிடுவாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். குணவதி பையிலிருந்த கைமணியை எடுத்துக் காட்டினாள். அவர் முயல் பெட்டியை வண்டிக்குள் போட்டுவிட்டு, நாளைக்கு இதை அடித்தால் போதும் என்றார்.

“விளங்கினதோ?” என்று தில்லையம்பலம் கேட்டார்.

“விளங்கினது. என்னாலை ஏலாது. சாமிக்கு அடிக்கிற மணியப்பா உது. அது என்னை நம்பியெல்லோ வருது.”

அவர் ஆட்டுக்கு வைக்கோல் கட்டொன்றைத் தூக்கப் போனார். பாதி தூக்கியதும் முதுகு பிடித்துக்கொண்டது. கட்டை விட்டுவிட்டு, கதவைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். நிமிர முடியவில்லை.

“நான் திரும்பப் பெட்டி தூக்கப் போறன், குணம்,” என்றார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “உம்மிலை குறையில்லை. ஆடுகளை வித்துப்போட்டுப் போறன்.”

குணவதி அவருடைய முதுகை நீவிவிட்டாள். கனநேரம் நீவினாள். பிறகு, “நாளைக்கு வெள்ளி. வெள்ளிக்கிழமை வேண்டாம்,” என்றாள். “சனிக்கிழமை அடிக்கிறன்.”

சனிக்கிழமையென்றால் வைரவருக்குக் கண் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதைத் தன்னையே கேட்டுக்கொண்டுதான் புக்கை பொங்கினாள். கஜுவைக் குறைக்கவில்லை. அன்றைக்கு இன்னும் ஒரு கை கூடப் போட்டாள்.

பின்னேர வெயிலில் தட்டை வைத்தாள். கற்பூரம் கொளுத்தினாள். மணியை விட்டு விட்டுத்தான் ஆட்டினாள்; வராமல் போய்விடு, வராமல் போய்விடு என்று உள்ளுக்குள் மன்றாடினாள். அது வந்தது. கெந்திக் கெந்தி வழக்கமான இடத்துக்கு வந்து, வழக்கம்போலக் குந்தி இருந்தது. றொனால்ட் ஒளிந்திருந்த பக்கம் அது திரும்பவே இல்லை. அதற்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை, தட்டை வைக்கிறவள் முன்னாலே நின்றாளே. குணவதி கண்ணை மூடிக்கொண்டாள். வெடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது அது பக்கவாட்டில் கிடந்தது. மணி இன்னும் அவளுடைய கையில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரே வெடி, வலி தெரிந்திராது என்று றொனால்ட் சொன்னார். பெட்டைதான், இந்த வருசம் பால் கொடுத்திருக்கிறது என்றும் சொன்னார். அதைக் குணவதி காதில் வாங்கவில்லை, அல்லது வாங்காதவள்போல நின்றாள்.

அடுத்த வாரம் ஒரு குட்டியும் போகவில்லை. தில்லையம்பலம் முதுகில் பட்டியைக் கட்டிக்கொண்டு, பழைய பாட்டொன்றை முணுமுணுத்தபடி வேலி திருத்தினார். குணவதிக்கு மாத்திரம் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றும் பொங்காமல், வெறுங்கையோடு மேப்பிள் மரத்தடிக்குப் போனாள். கற்பூரம் மட்டும் கொளுத்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவம் என்று நினைத்தாள். கற்பூரம் பற்றிக்கொண்டது. கற்பூரத்தோடு மணியடித்த இத்தனை வருசப் பழக்கம் சும்மா விடுமா, கை தானாகவே பைக்குள் போய் மணியை எடுத்து ஆட்டிவிட்டது.

வெட்டிய சோளத் தாள்களுக்குள்ளிருந்து இரண்டு வந்தன. அரைவாசி வளர்ந்தவை, காது மட்டும் பெரிது. தாய் எங்கே இருந்ததோ அதே இடத்துக்கு வந்து, தாய் இருந்த மாதிரியே இருந்து, குணவதியைப் பார்த்தன. தாய் இத்தனை நாளும் தனியாகத் தின்னவில்லை. மணிக்குப் பிறகுதான் சாப்பாடு என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

வேலியடியிலிருந்து தில்லையம்பலத்தின் குரல் மெல்ல வந்தது. அவர் காதில் போனை வைத்திருந்தார்.

“குணம், நிப்பாட்டாதையும். றொனால்ட் வெளிக்கிட்டிட்டார். அடிச்சுக்கொண்டு நில்லும்.”

குணவதி மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்தாள். அவை எழும்பவில்லை. வெறும் நிலத்தை ஒருதரம் மணந்துவிட்டு, பொறுமையாக மறுபடி அவளுடைய முகத்தைப் பார்த்தன.

தன் வாழ்நாளில் ஒரு நாய்க்கும் கல்லெறியாதவள், மணியை ஓங்கி எறிந்தாள். ஒன்றின் விலாவில் பட்டது. அது வீரிட்டுக் கத்தியது, இரண்டும் பாய்ந்து ஓடின. மணி தாள்களுக்குள் உருண்டுபோய்க் கணகணவென்று அடித்து ஓய்ந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஓடிக்கொண்டிருந்தவற்றில் ஒன்று நின்றது. திரும்பி, அவள் பக்கமாக வரத் தொடங்கியது.

“என்னப்பா செய்யிறீர்?” என்று தில்லையம்பலம் கத்தினார். தூரத்து வளைவில் றொனால்டின் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. குணவதி குனிந்து, அழுதுகொண்டு, இரண்டு கையாலும் கல்லுத் தேடினாள்.