நின்றுகொண்டிருக்கும் மனிதனின் நீளம்

இந்த ரயில் கணக்குகளை எழுதுகிறவர் யார் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். ஒரு ரயில், பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதனைப் பன்னிரண்டு வினாடிகளில் கடக்கிறதாம். சரி, கடக்கட்டும். அந்த மனிதனுக்கு வேறு வேலையே கிடையாதா? ரயிலில் ஏறவும் மாட்டான், வீட்டுக்குத் திரும்பவும் மாட்டான். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறான்.

யூடியூபில் பாடம் எடுக்கும் சார் அவனை ஒரே வரியில் முடித்துவிடுவார். “பாலம் வந்தா அதோட நீளத்தக் கூட்டணும். பிளாட்பாரம் வந்தாலும் கூட்டணும். மனுஷன் நின்னா கூட்டக் கூடாது. கம்பம், மரம், மனுஷன், இதுக்கெல்லாம் நீளம் பூஜ்யம்.” சொல்லிவிட்டுப் போர்டில் பெரிதாக ஒரு பூஜ்யம் போடுவார். நானும் நோட்டில் போட்டுக்கொள்வேன்.

என் பெயர் கோகிலவாணி. பிறந்தது குண்டூர் நாடு, வாக்கப்பட்டது சோளக்காட்டுப் பக்கம். இரண்டும் கொல்லிமலைதான். இதுவரை ரயிலில் ஏறியதில்லை. ஒருமுறை நாமக்கல் போகும்போது கேட் போட்டிருந்தார்கள், ஒரு கூட்ஸ் வண்டி போனது. பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன், பக்கத்தில் வந்து நின்ற லாரி மறைத்துவிட்டது. எனக்கும் ரயிலுக்கும் அவ்வளவுதான் பழக்கம். ஆனாலும் மூன்று வருடமாக ரயில்வே பரீட்சைக்குப் படிக்கிறேன். மிளகு பறித்தாலும் மரவள்ளிக் குச்சி நட்டாலும் மண்டைக்குள் இரண்டு ரயில்கள் எதிரெதிரே ஓடிக்கொண்டே இருக்கும். என்னால் ஒரு இடத்தில் சும்மா உட்கார முடியாது. இந்த மலையை விட்டு ஒரு தடவையாவது நானாக இறங்கி, நானாக ஒரு சம்பளம் வாங்க வேண்டும். போன முறை கொஞ்ச மார்க்கில் கைவிட்டுப் போனது. இந்த முறையும் போனால் வயசு தாண்டிவிடும், அப்புறம் விண்ணப்பமே போட முடியாது.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் யுவராஜுக்கும் எனக்கும் சண்டை. ஹால் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஆதார் கார்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கதவில் சாய்ந்தபடி கேட்டார்.

“வேல கெடச்சா எந்தூர்ல போடுவாங்க?”

“எங்க வேணா போடுவாங்க மாமா. மெட்ராஸு, பாலக்காடு, எங்கியோ.”

“அப்ப நானு?”

“நீங்களும் வாங்க.”

“வந்து? மெளகுக் கொடியெல்லாம் புடுங்கிக் கையில எடுத்துக்கிட்டு வரட்டுமா?”

“அப்பிடீன்னா இங்கியே இருங்க. நான் சாகற வரைக்கும் இந்த மேட்டுலயே ஏறி எறங்கிக் கெடக்க முடியாது.”

அவர் கதவிலிருந்து நிமிர்ந்தார். பிறகு, “நீ எறங்கிப் போனா திரும்பி வரமாட்ட கோகிலா. எனக்குத் தெரியும்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. படிக்கும்போது டீ போட்டுத் தந்தவர், போன் சார்ஜுக்குச் செம்மேடு வரை போய் வயர் வாங்கி வந்தவர், கடைசி நாளில் இப்படிச் சொன்னால்? நான் பாஸாகக் கூடாது என்று இவர் மனசுக்குள் வேண்டிக்கொள்கிறார் என்றே நினைத்துவிட்டேன். கையில் இருந்ததை அப்படியே அங்கங்கே வைத்துவிட்டு எழுந்து போனேன். அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு இல்லை.

விடிகாலையில் கிளம்பும்போது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறாரா, தூங்குவதுபோல இருக்கிறாரா என்று பார்க்க நான் நிற்கவில்லை. “போயிட்டு வாரேன்” என்றுகூடச் சொல்லவில்லை. பைக்காவது இருந்தால் கொண்டுவிடச் சொல்லியிருப்பேன், அது கிளட்ச் போய் மெக்கானிக்கிடம் கிடந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நடந்தேன்.

பரீட்சை நாமக்கல் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜில். எட்டரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், ஒரு நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்கள். முதல் பஸ் நேரத்துக்குப் போனால் கால் மணி நேரம் கையில் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் எங்கள் மலை பஸ்ஸை யாரும் கணக்கில் அடக்க முடியாது. தூரத்தில் ஒரு கை ஆடினால் போதும், நிறுத்திவிடுவார்கள். கை ஆட்டினவர் காட்டைத் தாண்டி, வரப்பு இறங்கி, மூட்டையைத் தூக்கி மேலே போட்டு, ஏறி, மூச்சு வாங்கி உட்காருகிற வரைக்கும் வண்டி நிற்கும். இங்கே எல்லாரும் அப்படித்தான் பஸ் ஏறுவார்கள். நானும் அப்படித்தான் எத்தனையோ நாள் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் எனக்கு அது பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து சீட்டில் கண்ணாயி அக்கா, மடியில் கொய்யாக் கூடை. சேந்தமங்கலத்தில் விற்கப் போகிறார். அவர் கூடைக்காக ஏற்கெனவே ஒருமுறை நின்றாகிவிட்டது. வண்டி கிளம்பி நாலடி நகர்ந்திருக்கும், டிரைவர் தனபால் கண்ணாடியைப் பார்த்து மறுபடி பிரேக்கை மிதித்தார்.

“யாரோ ஓடியாராங்க.”

திரும்பிப் பார்த்தேன். பனிமூட்டம். மேலே காட்டு ஓரத்தில் தலையில் துண்டு கட்டிய ஒரு உருவம், ஒரு கை மட்டும் ஆடுவது தெரிந்தது.

“மாதம்மாளா இருக்கும். மூட்டையோட வருவா” என்றார் கண்ணாயி அக்கா.

“ஏனுங்க, இது பஸ்ஸா, இல்ல கலியாண ஊட்டு வண்டியா?” என்று எழுந்தே விட்டேன். “ஒருத்தருக்காக இத்தன பேரும் காத்துக் கெடக்கணுமா? எனக்குப் பரீட்சைங்க. கேட்டச் சாத்திட்டா உங்களுக்கு என்ன, எனக்கல்லவா போகும்! ரயிலு இப்பிடி யாருக்காச்சும் நிக்குமா?”

பஸ்ஸில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தனபால் அண்ணனிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் முகம் சுண்டிப்போனது. “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு கியரைப் போட்டார். நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் உட்கார்ந்தேன்.

எழுபதாவது வளைவின் பலகை வந்தது. மேலிருந்து இறங்கும்போது எழுபது, அறுபத்தொன்பது என்று குறைந்துகொண்டே போகும். நாலைந்து வளைவு போனதும் கை சும்மா இருக்காமல் பையைத் திறந்தது. ஹால் டிக்கெட் இருந்தது. போட்டோ இருந்தது. பேனா இருந்தது. ஆதார் கார்டு இல்லை.

பையைக் கவிழ்த்து மடியில் கொட்டினேன். கண்ணாயி அக்கா சீட்டுக்கு அடியில் பார்த்தார், தன் கொய்யாக் கூடையைக்கூடக் கிளறிப் பார்த்தார். எனக்கு அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. நேற்றுக் கோபத்தில் சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தது. அடுத்த நொடியில் அந்தத் துண்டும் ஞாபகம் வந்தது. மாதம்மாள் எந்தக் காலத்தில் தலையில் துண்டு கட்டினாள்?

போனை எடுத்தேன், வளைவுகளில் எப்போதும்போல டவர் இல்லை. இறங்கி மேலே ஏறிப் போய் அடுத்த பஸ்ஸில் வந்தால் கேட் மூடி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் பின்னால் வந்தால்? என் மண்டை தானாகவே கணக்கைப் போட ஆரம்பித்தது. ஒரே திசையில் இரண்டு பேர் போனால் வேகத்தைக் கழிக்க வேண்டும். திருடன் ஓடுகிறான், போலீஸ் துரத்துகிறது. இங்கே திருடி நான். பஸ்ஸுக்கு மணிக்கு இருபது கிலோமீட்டர். மனுஷன் எவ்வளவு ஓடினாலும் எட்டு, பத்து. எத்தனை முறை கழித்தாலும் விடை ஒன்றுதான். சேரவே சேராது. ஒவ்வொரு வளைவுக்கும் இடைவெளி கூடிக்கொண்டேதான் போகும்.

“அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்கண்ணா.”

“நிக்கக் கூடாதுன்னு உத்தரவாச்சேம்மா” என்றார் தனபால், திரும்பாமலே. பின்னால் நாலு பேர் சிரித்தார்கள்.

“ஆதாரை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். அந்தா ஓடி வந்தது எங்க ஊட்டுக்காரருங்க.” அழுதேன். சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

தனபால் அண்ணன் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். “வளைவுல நிறுத்தப்படாதும்மா. கீழ ஒரு லாரி ஏறுது. ஏறி வர்ற வண்டிக்கு நாம எப்பிடியும் நின்னுதான் ஆகோணும். அழுவாத.”

நாற்பத்தெட்டாவது வளைவுக்கு மேலே பஸ்ஸை ஓரம்கட்டினார். கீழே கம்பி ஏற்றிய நீள லாரி. ஒரே திருப்பில் அதால் திரும்ப முடியவில்லை. முன்னே வந்தது, பின்னே போனது, மறுபடி முன்னே வந்தது. இத்தனை நாள் வழியில் நீள வண்டியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு, சாமி, இந்த லாரி இன்னும் நீளமாக இருக்கட்டும், இதன் வால் வளைவைத் தாண்டவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் தாண்டிக்கொண்டிருந்தது. பாதி வண்டி திரும்பிவிட்டது.

“ஏ… கோகிலா!”

சத்தம் பின்னாலிருந்து வரவில்லை, தலைக்கு மேலிருந்து வந்தது. எல்லாரும் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தோம். காப்பிச் செடிகளுக்கு நடுவே பாறையைப் பிடித்து, வேரைப் பிடித்து, பாதி நடந்தும் பாதி சறுக்கியும் யுவராஜ் மாமா இறங்கி வந்துகொண்டிருந்தார். ரோடு வருவதற்கு முன்னால் மலை இறங்கினவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதை அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வளைந்து வளைந்து வந்தது, அவர் செங்குத்தாக இறங்கிவிட்டார். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பாதை தெரியாமலில்லை. புத்தகத்தில் எல்லா ரயிலும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடும் என்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை. என் தூரத்தை வைத்து அவரையும் கணக்குப் போட்டிருந்தேன்.

ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை, முழங்கையில் ரத்தம். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கைலியில் துடைத்து நீட்டினார். துடைத்ததில் மண் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

“கண்ணாடிக்குப் பின்னால இருந்துச்சு” என்றார். மூச்சு இரைத்ததில் பாதிதான் கேட்டது.

“மாமா, நான்தான் வண்டிய எடுக்கச் சொன்னேன். நீங்கன்னு தெரியாம…”

“கேட்டுச்சு. உன்ற சத்தம் காடு வரைக்கும் கேட்டுச்சு.” சிரிக்கப் பார்த்தார், மூச்சு இரைப்பு விடவில்லை. “போ. நல்லா எழுது.”

“திரும்பி வருவேன் மாமா.”

லாரி ஏறிவிட்டது. தனபால் அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் இன்ஜினை உறுமவிட்டபடி நின்றார், பிறகு மெதுவாக எடுத்தார். யுவராஜ் மாமா ரோட்டு ஓரத்தில், வெள்ளை அடித்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். கை ஆட்டவில்லை. சும்மா நின்றார். பஸ்ஸின் முன்பக்கம் அவரைத் தாண்டியது, என் ஜன்னல் தாண்டியது, பின்பக்கமும் தாண்டியது. அடுத்த வளைவில் திரும்பியபோது மேலே அண்ணாந்து பார்த்தேன். அங்கேயே நின்றார். அதற்கடுத்த வளைவிலும் நின்றார்.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டி ஒரு பெரியவர் வயலுக்குள்ளிருந்து கையை ஆட்டினார். தனபால் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நிறுத்துங்கண்ணா” என்றேன். மனசு, ஐயோ, ஐயோ என்று அடித்துக்கொண்டது. பெரியவர் நிதானமாக வந்து ஏறினார். சேந்தமங்கலத்தில் கண்ணாயி அக்கா இறங்கும்போது, “பயப்படாத கண்ணு” என்று இரண்டு கொய்யாவைக் கையில் திணித்துவிட்டுப் போனார். நாமக்கல்லில் இறங்கி ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் கேட்டின் ஒரு கதவை ஏற்கெனவே சாத்தியிருந்தார். இன்னொன்றைச் சாத்துவதற்குள் நுழைந்துவிட்டேன். கார்டைச் சரிபார்த்த அம்மா கட்டை விரலால் மண்ணைத் தேய்த்துவிட்டு, “என்னம்மா இது, காட்டுல இருந்து தோண்டி எடுத்தியா?” என்றார். ஆமாம் என்றேன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கணக்குப் பகுதியில் இரண்டாவதாகவே அந்த ரயில் கேள்வி வந்தது. நூற்றைம்பது மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. தண்டவாளத்தின் ஓரம் நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதனை எத்தனை வினாடிகளில் கடக்கும்?

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வினாடிக்குப் பதினைந்து மீட்டர். ரயிலின் நீளம் நூற்றைம்பது. அதோடு மனிதனின் நீளத்தைக் கூட்ட வேண்டும், அது பூஜ்யம். ரஃப் பேப்பரில் நூற்றைம்பது எழுதிக் கூட்டல் குறியும் போட்டுவிட்டேன். அதற்குப் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு இந்நேரம் அவர் மேலே ஏறிக்கொண்டிருப்பார். பூஜ்யம் போட்டால்தான் விடை வரும். விடை வந்தால்தான் வேலை. வேலை வந்தால் போக வேண்டியதுதான்.

போட்டேன். பத்து வினாடி என்று அழுத்தினேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், கேள்வி கஷ்டம் என்று நினைத்திருப்பான்.