இதோ வந்துட்டே இருக்கேன்

ஜீப்புக்காரர் பதினோரு வருடமாக வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். வீட்டுக்கும் அவருக்கும் நடுவில் நான்கு கிலோமீட்டர் இருக்கிறது; அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஊருக்கு மேற்கே வெட்டவெளி தொடங்கும் இடத்தில் கடைசி வீடு அவருடையது. அதன் சமையலறை ஜன்னலைத் திறந்தால், தூரத்தில் கொஞ்சம் புழுதி கிளம்பி இந்தப் பக்கமாக வருவது தெரியும். அது அவர்தான். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் சில நாள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பிறகு அவர்களும் துணி காயப்போடும் முன் அந்தப் புழுதி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் காற்றைத் தெரிந்துகொள்ளப் பழகிவிடுவார்கள்.

வெட்டவெளிக்கு அந்தப் பக்கம் ஓர் உப்பு ஏரியும் சிவப்புப் பாறைகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவது அவர் தொழில். அங்கே டவர் கிடையாது, ரோடு கிடையாது, ஒரு மழை பெய்தால் நேற்றுப் போன தடம் இன்று இருக்காது. ஒருமுறை போனில் இருந்த மேப் பாதி வழியில் வெள்ளைத் திரையாகிவிட, ஒரே பாறையைப் பகல் முழுவதும் சுற்றி வந்தார். பின் சீட்டில் இருந்தவர்கள் அதையே நான்கு வெவ்வேறு பாறைகள் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டது தனிக் கதை. வழி சொல்லும் ஒழுங்கான மிஷின் வாங்காமல் இனி வண்டியை எடுக்கக் கூடாது என்று அவர் மனைவி கண்டிப்பாகச் சொன்னார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. தெருவுக்கே அவர் மருந்துக்கடை அக்கா.

இருவரும் சேர்ந்துதான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூன்று மிஷின்களை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவு, பொத்தான் வைத்தது, தண்ணீரில் விழுந்தாலும் ஓடும், பேட்டரியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் திரை தீப்பெட்டிதான். இரண்டாவதில் மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் மேடு பள்ளம் கூடத் தெரியும். ஆனால் வெயில் பட்டால் சூடேறி அணைந்துவிடும். மூன்றாவது, நாம் பேசும் தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு அதன்படி வழி சொல்லும். அக்கா பொத்தான் வைத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு நகர மறுத்தார். பேசுகிறதையெல்லாம் ஒட்டுக்கேட்கிற சாமான் நமக்கு எதற்கு என்று அவர் கேட்டது நியாயம்தான். ஜீப்புக்காரர் விடவில்லை. "வீட்ல நான் சொல்றத யாரும் கேக்கறதில்ல, வண்டிலயாவது ஒண்ணு கேக்கட்டுமே" என்றார். கடைக்காரரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வேறு எதை வாங்க முடியும்?

மறுநாள் காலை உப்பு ஏரியில் தங்கியிருந்த சிலர் ஊர் திரும்ப அவருக்காகக் காத்திருந்தார்கள். மிஷினை ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டி, போகிற இடத்தைச் சொல்லி, வண்டியைக் கிளப்பினார். பள்ளிக்கூடப் பையோடு கேட்டில் நின்ற மகளிடம் தலையை நீட்டி, "வரேன்மா" என்றார். கிளம்புகிற ஆள் வரேன் என்று சொன்னால் போகிறார் என்று அர்த்தம்; இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மிஷினைச் செய்தவர்களுக்கு அது தோன்றவில்லை. "சரி, வீட்டுக்கு வழி காட்டுகிறேன்" என்று அது சொன்னதை மகள் தன் காதால் கேட்டாள். வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு வீட்டுக்கு வழியா என்று சிரிப்புத்தான் வந்ததாம். ஜீப் மேற்கே போனது. உப்பு ஏரிக்கு அது போய்ச் சேரவே இல்லை. காத்திருந்தவர்கள் திட்டிக்கொண்டே வேறு வண்டி பிடித்தார்கள்.

சாயங்காலம் புழுதி தெரிந்தது. அக்கா அடுப்பைப் பற்ற வைத்தார். நான்கு கிலோமீட்டரில் டவர் கிடைக்கும் என்பதால் போனும் வந்தது. "இதோ வந்துட்டே இருக்கேன். பாப்பா ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?" வந்துவிட்டாள் என்றார் அக்கா. குளிக்கப் போகும் முன்பே வந்துட்டே இருக்கேன் என்று சொல்கிற ஜனங்கள் நாங்கள், ஆகையால் அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. மறுநாள் சாயங்காலமும் அதே போன், அதே கேள்வி. அவருக்கு அது அதே சாயங்காலம்தான். டீசல் முள் இறங்கவில்லை, பசிக்கவில்லை, மிஷின் இன்னும் நான்கு கிலோமீட்டர் என்றது. அக்கா அழுதுகொண்டே விஷயத்தை விளக்கியபோது, "காலைலதானே கெளம்பினேன், என்ன ஆச்சு உனக்கு?" என்று அவர்தான் சமாதானம் சொன்னார்.

அக்காவின் தம்பி பொத்தான் வைத்த மிஷினோடு மச்சானை அழைத்துவரப் போனார். போன இடத்தில் சுடச்சுட டயர் தடம் இருந்தது, வண்டி இல்லை. ஜன்னலில் நின்ற அக்காவுக்கு இரண்டு புழுதியும் ஒன்றாகத் தெரிந்தன. போலீசும் போனது, தீயணைப்பு வண்டியும் போனது. கம்பெனியிலிருந்து வந்த பையன் கடையில் இருந்த இன்னொரு மிஷினிடம் வரேன் என்று சொல்லிப் பார்த்து, போன வண்டி அதன் கணக்கில் போகவே இல்லை, வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது என்றான். அவரே அதனிடம் போறேன் என்று சொன்னால் ஒருவேளை விட்டுவிடும் என்றான். ஒருவேளைதான், உறுதி சொல்ல முடியாது என்றான்.

அன்று சாயங்காலம் அக்கா போனில் கெஞ்சினார். ஒரே ஒரு தடவை, எனக்காக. ஜீப்புக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "நல்ல வார்த்தையே வராதா உன் வாயில? வீட்டுக்கு வர்ற மனுசன் போறேன்னு சொல்லுவானா?" என்று வைத்துவிட்டார். வருடக்கணக்கில் கேட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. மனைவி மேல் பிரியமில்லாதவராக இருந்திருந்தால் என்றைக்கோ சொல்லிவிட்டு வந்து சேர்ந்திருப்பார் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

தேடிப் போனவர்கள் கண்ணில் அவர் படமாட்டார். தன் வேலையாகப் போகிறவர்களுக்கு எதிரில் வருவார். இது தெரியவே கொஞ்ச காலம் ஆயிற்று. பால் வண்டிக்காரர் வாரத்தில் பாதி நாள் பார்க்கிறார். கை காட்டுவாராம், நிறுத்த மாட்டாராம். அதைக் கேட்டுவிட்டு அக்காவும் ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டார். வெட்டவெளிக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டிகளைத் தானே கொண்டுபோவதாகச் சொல்லி வண்டி ஏறினார். மருந்து எண்ணிக்கை, ரசீது, ஐஸ் பெட்டி என்று அதையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனார். கண் என்னவோ கண்ணாடிக்கு வெளியேதான் இருந்தது. எதிரில் யாரும் வரவில்லை. எத்தனை தடவை போனாலும் வரவில்லை. மனசு ஒன்றை நினைக்காதே என்று சொன்னால் கேட்குமா? ஒரு நாள் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து, தெருவே பார்க்க அழுதார். பிறகு போவதை நிறுத்திவிட்டார்.

மகள் வளர்ந்து படித்து, உப்பு ஏரிப் பக்கத்தில் புதிதாகத் திறந்த வானிலை நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தானே ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். பொத்தான் வைத்த மிஷின் ஒன்று வாங்கிக்கொண்டாள், காகித மேப் ஒன்றையும் மடித்து வைத்துக்கொண்டாள். கேட்டில் நின்றதும் வாய் தவறி வரே என்று தொடங்கினாள். அக்கா அவள் வாயைப் பொத்தினார்.

"போறேன்னு சொல்லு. அப்பாவப் பாக்கலாம்னு போகாத. உன் வேலைக்குப் போ."

"போறேம்மா" என்றாள் மகள். இப்போது எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். வெளியூர் விருந்தாளிகள் திடுக்கிட்டுப் போகிறார்கள்.

மத்தியானம் மகள் அந்தப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த டவரிலிருந்து கூப்பிட்டாள். முதல் நாளே தாமதமாகிவிடுமோ என்று பயந்துகொண்டே ஓட்டினாளாம், வேறெதுவும் நினைப்பில் இல்லையாம். "அம்மா, அப்பா எதிர்ல வந்தாரு" என்றாள்.

"எளைச்சிருக்காரா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லம்மா. அப்படியேதான் இருக்காரு. என்னத்தான் அவருக்கு அடையாளம் தெரியல."

சாயங்காலம் வழக்கமான போன் வந்தது. ஜீப்புக்காரர் உற்சாகமாக இருந்தார். "இதோ வந்துட்டே இருக்கேன். இப்ப எதிர்ல ஒரு பொண்ணு வண்டி ஓட்டிட்டுப் போச்சு, நான் கை காட்டினேன், அது அழுதுட்டே கை காட்டுது. பாக்க உன்ன மாதிரியே இருந்துச்சு. சரி, பாப்பா ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தார். புழுதி இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"இல்லங்க, போயிருக்கா" என்றார். "நீங்க பாத்து வாங்க."